ஒண்டை மாத்து, விடியப் பார்

மாஸ்டரின் சைக்கிள் கிறீச்சிட்டுக்கொண்டு திரிந்த ஒரு மாதம் எனக்கு நல்ல ஞாபகம். மானிப்பாய்ச் சந்தியில் அவர் திரும்பும்போதே மேல்மாடி வகுப்பில் இருக்கும் எங்களுக்குக் கேட்டுவிடும். வேறு யாராக இருந்தாலும் எண்ணெய்ப் போத்தலை எடுத்துச் சங்கிலிக்கும் பெடலுக்கும் இரண்டு சில்லுகளுக்கும் நாலு சொட்டு விட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்திருப்பார்கள். மாஸ்டர் முதல் நாள் சங்கிலிக்கு மட்டும் விட்டார். மறுநாளும் சத்தம் வந்தது. உடனே சங்கிலியைத் துணியால் நன்றாகத் துடைத்து, விட்ட எண்ணெயையெல்லாம் எடுத்துவிட்டு, அதன் பிறகுதான் பெடலுக்கு விட்டார். விட்ட எண்ணெய் கிடந்துவிட்டுப் போகட்டுமே, அது உங்களை என்ன செய்தது என்று கேட்டேன். அதுவும் கிடந்து இதுவும் கிடந்தால், சத்தம் நிற்கும்போது எதனால் நின்றது என்று யார் சொல்வது என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

சத்தம் கடைசியில் இருக்கைக்குக் கீழே இருந்த கம்பிச்சுருளில் இருந்து வந்தது. அதைக் கண்டுபிடித்த அன்று அவருடைய முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. ஒரு மாதம் ஊரையே கிறீச்சிட வைத்துவிட்டு, பெரிய வழக்கொன்றில் வென்றவர் போலப் படியேறி வந்தார்.

“ஒண்டை மாத்து. ஒரு ராவு விடு. விடியப் பார்.” இதுதான் அவருடைய வேதம். வடகரையில் இருந்த ஒரு தொழிற்சாலையில் நெடுங்காலம் அளவுமானிகள் திருத்தியவர் அவர். அங்கே ஒருமுறை நின்றுபோன யந்திரமொன்றை யாரோ ஒரு அவசரக்காரன் நாலு சாமான்களை ஒரேயடியாக மாற்றி ஓட வைத்துவிட்டானாம். எல்லோரும் அவனுக்குக் கைதட்டினார்களாம். சில மாதங்களின் பின் அது மறுபடியும் நின்றபோது, நாலில் எதில் பிழை இருந்தது என்று சொல்ல ஒருவரும் இல்லையாம். இந்தக் கதையை அவர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அந்த அவசரக்காரன் இன்னும் கொஞ்சம் மோசமானவனாகிக்கொண்டு வந்தான்.

பார்ப்பதற்கு மெலிந்த உயரமான மனிதர். நாற்பதைத் தாண்டியிருப்பார். சேட்டின் கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருப்பார், எந்த வெயிலிலும். ஒரு பிழை கிடைத்துவிட்டால் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, யாரோ மெதுவாகப் பேசுவதைக் கேட்பதுபோல அப்படியே இருந்துவிடுவார். அந்த நேரத்தில் தேத்தண்ணி வைத்தால் அது ஆறிப்போய் எறும்பு மொய்க்கும்.

வீட்டிலும் இதே சங்கதிதான். அவருக்கு ஒரு காலத்தில் தலையிடி வந்துகொண்டிருந்தது. ஒரு கிழமை தேத்தண்ணியை விட்டார். தலையிடி நிற்கவில்லை. தேத்தண்ணியைத் தொடங்கிவிட்டு, அடுத்த கிழமை வெயிலில் போவதை விட்டார். அதன் பிறகு தலைமுழுக்கை விட்டார், பிறகு வெங்காயத்தை விட்டார். அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வாய் ஓயாமல் பகிடி விடுகிற மனுசி அவர். “இந்த மனிசன் என்னைக் கட்டின அண்டும், ஒரு ராவு விட்டு விடியப் பாப்பம் எண்டுதான் கட்டியிருக்கும்,” என்று எனக்கு முன்னாலேயே சொல்லிச் சிரித்தார். மாஸ்டரும் சிரித்தார். மூக்குக்கண்ணாடியை மாற்றியபோது தலையிடி நின்றது.

எங்கள் வகுப்பு ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் நடந்தது. நான் தட்டச்சுப் படிப்பித்தேன், மாஸ்டர் கொம்பியூட்டர் படிப்பித்தார். படிக்க வந்தவர்களுக்குக் குறைவில்லை, கொம்பியூட்டர்தான் ஒன்றே ஒன்று. கடை முதலாளிக்கு லண்டனில் இருந்த மைத்துனர் அனுப்பி வைத்தது. பிள்ளைகள் வாங்கில் வரிசையாக இருந்து, தங்கள் தங்கள் ஃபுளொப்பித் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, முறை வரும்வரை காத்திருப்பார்கள். பகலில் அந்த மெஷினுக்கு ஓய்வே கிடையாது.

இரவில் அதற்கு வேறு வேலை இருந்தது. ஒரு சங்கத்தின் அங்கத்தவர் பெயர்களையெல்லாம் எழுத்து வரிசைப்படி ஒழுங்குபடுத்திக் கொடுக்கும் வேலையை முதலாளி பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அந்தக் காலத்து மெஷினுக்கு அது மணிக்கணக்கான வேலை. இந்திய ஆமி இருந்த நாட்கள். பின்னேரம் ஊரடங்குக்கு முன் வீடு போய்ச் சேர வேண்டும். ஆகவே வேலையைத் தொடக்கி வைத்துவிட்டு, மெஷினை அப்படியே ஓட விட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கிவிடுவோம். விடியும்போது வேலை முடிந்திருக்கும்.

முதலில் அப்படித்தான் முடிந்தது. பிறகு ஒருநாள் காலையில் கதவைத் திறந்தபோது மெஷின் பாதி வழியில் கிடந்தது. ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரைக்கு வருவதற்குள் ஒரு கொட்டாவி விட்டு முடித்துவிடலாம். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் பழையபடி பறந்தது. பகல் முழுவதும் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அடுத்த விடியல் மறுபடி நொண்டியது. இரவில் தனியே விடும்போது மட்டும் அதற்கு ஏதோ நடக்கிறது. ஊரடங்கில் யார் போய்ப் பக்கத்தில் இருந்து பார்ப்பது? முதலாளி பேய் என்றார். நான் கறண்ட் என்றேன். மாஸ்டர் தலையைச் சாய்த்துக்கொண்டு இருந்துவிட்டார்.

அன்றைக்குத் தொடங்கியது அவருடைய விரதம். ஒரு இரவு மெஷினுக்குப் பக்கத்தில் மேசை விசிறியைச் சுழல விட்டுவிட்டு வந்தார். விடியப் பார்த்தால் அதே நொண்டல். விசிறியை எடுத்துவிட்டு அடுத்த இரவு பிளக்கை வேறு சுவருக்கு மாற்றினார். அது இல்லையென்று தெரிந்ததும் பிளக்கைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, அச்சடிக்கும் யந்திரத்தின் வயரைக் கழற்றினார். பிறகு வயரைப் பூட்டிவிட்டு, மெஷின் எழும்பும்போது தானாக ஓடுகிற புரோகிராம்களில் ஒன்றை எடுத்தார். அதுவும் இல்லையென்றால் அதைத் திரும்ப வைத்துவிட்டு மற்றதை எடுத்தார். சில இரவுகளில் கறண்ட் நின்றுபோய் அந்த இரவே வீணாகும். சில நாட்களில் சுற்றிவளைப்பு நடந்து நாங்கள் வரவே முடியாது. இப்படியே கிழமைகள் போயின.

எனக்கோ பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. ஒரு பின்னேரம் அவர் முன்னே இறங்கிப் போனதும், வெக்கையாக்கும் என்று நினைத்து, மெஷினை மேசையோடு சுவரைவிட்டு இழுத்து வைத்து யன்னலையும் திறந்துவிட்டுப் போனேன். மறுநாள் காலை மாஸ்டர் மேசையைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார். அவர் யாரையும் ஏசி நான் கண்டதில்லை. “பிள்ளை, நீர் எனக்கு ரெண்டு ராவு நட்டம் வைச்சிட்டீர்,” என்று மட்டும் சொல்லிவிட்டு மேசையைத் தள்ளத் தொடங்கினார். மெஷின் வழக்கம்போல நொண்டிக்கொண்டுதான் இருந்தது.

அந்த யன்னலால் வேறொரு வினையும் வந்தது. இரவில் திரையின் பச்சை வெளிச்சம் வெளியே தெரிந்திருக்கிறது. அன்று காலையே ஆமிக்காரர் மூன்று பேர் சப்பாத்துக் கால்களோடு மாடியேறி வந்தார்கள். ஊரடங்கு நேரத்தில் யாருக்கு வெளிச்சம் காட்டுகிறீர்கள் என்று கேட்டார்கள். ஒருவன் தமிழ்நாட்டுக்காரன், விளங்கக்கூடிய மாதிரிப் பேசினான். யன்னலை மறைத்து இன்றைக்கே கறுப்புத் துணி கட்டச் சொன்னான். வேறு எவரும் ஓம் என்று தலையாட்டிவிட்டு அவர்களை அனுப்பிவிட்டிருப்பார்கள். மாஸ்டர் அவனிடம், இன்றைக்கு முடியாது, இன்றைக்கு ஏற்கெனவே ஒரு மாற்றம் செய்தாகிவிட்டது, நாளைக்குக் கட்டுகிறேன் என்று நிதானமாக விளக்கத் தொடங்கினார். துவக்கு அவருடைய நெஞ்சுக்கு நேரே இருந்தது. நான் கெஞ்சிக் கூத்தாடி, என்னுடைய குடையைப் பிரித்து யன்னலில் கட்டிக் காட்டி அவர்களை அனுப்பினேன். அவர்கள் இறங்கிய பிறகு மாஸ்டர் கேட்டது, அந்தக் குடையை இனி எடுக்கலாமா என்று. அன்றைக்கு எனக்கு அவர்மேல் கோபம் வந்தது உண்மைதான். ஆனால் அதைவிடக் கூடுதலாகப் பயம் வந்தது. இந்த மனிதருக்கு எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது தெரியவில்லையே என்ற பயம்.

இந்திய ஆமி நாட்டை விட்டுப் போன பிறகு கொஞ்ச நாள் ஊர் மூச்சு விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுதுமலையில் இருந்த அவர்களுடைய வீட்டுக்கு என்னை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு பெண்பிள்ளைகள். சின்னவள் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு திரிகிற வயது. மூத்தவள் தர்சினி உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தகப்பனைப் போலவே உயரம், பொறுமையில் மட்டும் என் கட்சி. சோற்றைப் பிசைந்தபடி மெஷின் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்:

“அப்பா, உதுக்குள்ளை கிடக்கிற எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு, முதலிலை இருந்து புதுசாப் போட்டால் என்ன?”

“ஓடும். ஓடுமெண்டு எனக்கும் தெரியும்,” என்றார் மாஸ்டர். “ஆனா ஏன் உப்பிடி வந்ததெண்டு ஒருநாளும் தெரியாமப் போயிடும்.”

“ஓடினாக் காணும்தானே? ஏனெண்டு தெரிஞ்சு என்ன செய்யப் போறியள்?”

மாஸ்டர் சோற்றில் கையை வைத்தபடி அவளைப் பார்த்தார். பிறகு சொதிச் சட்டியை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னார். அவள் தள்ளினாள். அந்தப் பிள்ளைக்கு நாட்டில் எதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தக்கூடியதாகத் தெரியவில்லை என்பது அவளுடைய குரலிலேயே இருந்தது. அவளுடைய வயதில் அப்போது யாருக்குத்தான் அப்படித் தெரிந்தது?

இந்த அமைதி நிற்காது என்று அக்காவுக்குப் பட்டுவிட்டது. கொழும்பில் வெள்ளவத்தையில் இருந்த அவருடைய தம்பி, வீடொன்றின் பாதியை வாடகைக்குப் பேசி வைத்துவிட்டு, வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ரயில் ஓடிக்கொண்டிருந்தது. நாலு பேரும் ஒரே நாளில் ஏறிவிடுவோம் என்று அக்கா சொன்னார். எதற்கும் சிரிக்கிற மனுசி, இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

மாஸ்டர் சம்மதிக்கவில்லை. போகக்கூடாது என்று அவர் சொல்லவில்லை, எல்லோரும் ஒன்றாகப் போகக்கூடாது என்றுதான் சொன்னார். முதலில் அக்காவும் சின்னவளும் போவது. ஒரு மாதம் இருந்து பார்ப்பது. தண்ணீர் எப்படி, பள்ளிக்கூடம் எப்படி, பொலிஸ் பதிவு எப்படி என்று பார்த்துவிட்டு, மூத்தவளை அனுப்புவது. அவளுக்கும் பரீட்சை இருக்கிறது. அவள் போய்ச் சரிவந்தால் கடைசியாக அவர். அதற்குள் மெஷினும் ஒரு வழிக்கு வந்துவிடும். ஊரில் பலபேர் பணமில்லாமல், இடமில்லாமல் பிள்ளைகளை ஒருவர் பின் ஒருவராக அனுப்பினார்கள். இவர் மட்டும் நாலு பேருக்கும் வழி இருந்தும் அப்படிச் செய்தார்.

யாழ்ப்பாணம் ஸ்டேஷனுக்கு நானும் போயிருந்தேன். தர்சினி பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, சின்னவளுடைய பின்னலைச் சரிசெய்துவிட்டு இறங்கினாள். மாஸ்டர் தண்ணீர்ப் போத்தல் வாங்கப் போயிருந்தார். அக்கா யன்னல் கம்பிக்கு உள்ளே இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இந்த மனிசன் என்ரை பிள்ளையளையும் கழட்டிக் கழட்டி வைச்சுப் பாக்குது,” என்றார்.

அந்த மாதம் முடியவில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஜூனில் அரசாங்க ஆமிக்கும் துவக்குத் தூக்கிய இயக்கத்துக்கும் சண்டை தொடங்கியது. ரயில் நின்றது, பாதை நின்றது, தொலைபேசி நின்றது, ஒருநாள் கறண்டும் நின்றது. அது பிறகு வரவேயில்லை. முதலாளி மெஷினை ஒரு பிளாஸ்ரிக் விரிப்பால் மூடிக் கட்டினார். இரவில் ஓட விட வேண்டிய வேலை இனி இல்லை. மாஸ்டர் வந்து விரிப்பின் மேலால் அதைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த மெஷினுக்கு என்ன வருத்தம் என்பது எனக்குப் பல வருடங்களின் பின் கொழும்பில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்தபோதுதான் தெரிந்தது. வைரஸ். எங்களுடைய வகுப்புப் பொடியன் ஒருவன் கொழும்பில் இருந்து கொண்டுவந்த விளையாட்டுத் தட்டோடு வந்திருக்கும். மெஷின் எழும்பி அரை மணித்தியாலம்வரை அது சத்தம் போடாமல் இருக்குமாம், பிறகுதான் பிடித்து இழுக்குமாம். பகலில் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் தட்டைப் போட்டு மெஷினைப் புதிதாக எழுப்பியதால் அது வெளியே தெரியவேயில்லை. இரவில்தான் அதற்கு நேரம் கிடைத்தது. அது ஒரு புரோகிராமில் மட்டும் இருக்கவில்லை, எல்லாவற்றிலும் தொற்றியிருந்தது. ஒன்றை எடுத்தால் மற்றதில் இருந்து வேலை செய்யும். மாஸ்டரோ ஒன்றைத் திரும்ப வைத்துவிட்டுத்தான் மற்றதை எடுப்பார். ஊர் முழுக்கக் கள்ளர் இருக்க, ஒருவனைப் பிடித்து ஒரு இரவு அடைத்து, களவு நிற்கவில்லையே என்று அவனை விட்டுவிட்டு அடுத்தவனைப் பிடித்த கதை. நூறு வருடம் பார்த்திருந்தாலும் அவர் கண்டுபிடித்திருக்க மாட்டார். மகள் சொன்னபடி எல்லாவற்றையும் அழித்திருந்தால் ஒரு பின்னேரத்தில் சரியாகியிருக்கும். இதை அவருக்குச் சொல்ல எனக்கு வழியில்லாமல் போனது. தொண்ணூற்றைந்தில் ஊரே எழும்பி ஓடியபோது எல்லோரையும் போல நாங்களும் ஆளுக்கொரு பக்கமாய்ப் போனோம். அவர் இருக்கிறாரா இல்லையா என்பதுகூட இன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று சந்தேகம்தான்.

தர்சினி போனது சண்டை தொடங்கிய சில மாதங்களில். மாஸ்டர் மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கப் போயிருந்தார். திரும்பி வந்தபோது அவளுடைய சைக்கிள் வீட்டில் நின்றது, அவள் இல்லை. பின்னேரம் அவளோடு படித்த பிள்ளை ஒன்று வந்து, அவள் இயக்கத்துக்குப் போய்விட்டாள், தேட வேண்டாமாம் என்று சொல்லிவிட்டு, நிற்காமல் போனது. அவள் திரும்பி வரவேயில்லை.

முதல் நாட்களில் மாஸ்டர் எல்லாத் தகப்பன்மாரையும் போலத்தான் இருந்தார். முகாம் முகாமாகப் போனார். வாசல்களில் குந்தியிருந்தார். பொறுப்பானவர்கள் மரியாதையாகப் பேசி அனுப்பிவிட்டார்கள். அந்த முகத்தைப் பார்த்து ஊர்ச் சனம் விலகி நடந்தது. அவ்வளவும் எனக்கு விளங்கியது. அதன் பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்றைக்கும் ஏற்க முடியவில்லை.

அவர் காரணம் தேடத் தொடங்கினார். சைக்கிளை எங்கள் வேலியோடு சாத்திவிட்டு வந்து கதிரையில் இருப்பார். ஒவ்வொரு முறையும் ஒரு காரணத்தோடு வருவார். அடுத்த ஒழுங்கையில் குண்டு விழுந்தது ஒருநாள். ரியூட்டரி வகுப்பில் இயக்கத்தில் இருந்து யாரோ வந்து பேசியது இன்னொரு நாள். பரீட்சை நடக்காமல் போனது பிறகொரு நாள். அவளுடைய சிநேகிதி ஒருத்தி அவளுக்கு முன்னமே இயக்கத்துக்குப் போயிருந்தது மற்றொரு நாள். அந்தந்த இடங்களுக்குப் போய், இருந்து, விசாரித்துவிட்டு வருவார்.

“சிநேகிதி போனதாலைதான் இவளும் போனவளெண்டால், அந்தப் பிள்ளை போன உடனை இவளும் போயிருக்க வேணும். ஒரு கிழமை நிண்டவள், பிள்ளை. சிரிச்சுக் கதைச்சவள். அப்ப அது இல்லை,” என்றார் ஒருநாள். அந்தக் காரணத்தை அத்தோடு தள்ளி வைத்துவிட்டார். அடுத்த கிழமை வேறொன்று.

என்னால் பொறுக்க முடியவில்லை. எல்லாம் சேர்ந்துதான் மாஸ்டர், ஒன்றுமே தனியாக இல்லை என்று சொன்னேன். அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார். எனக்கு விசயம் விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

இத்தனை காரணங்களில் ஒன்றை மட்டும் அவர் கையில் எடுக்கவேயில்லை. தாயையும் தங்கச்சியையும் ரயிலேற்றிவிட்டு அந்தப் பிள்ளையை வீட்டில் நிறுத்தி வைத்த காரணம். அதை எடுத்துப் பார்க்கும் துணிவு அவருக்கு இருக்கவில்லை. அதைச் சொல்லும் துணிவு எனக்கும் இருக்கவில்லை.

கொழும்புக்குச் செய்தி அனுப்புவதற்கு அப்போது போகிறவர்களின் வாய்தான் வழி. பூநகரிப் பக்கமாகப் போன ஒருவரிடம் மாஸ்டர் சொல்லிவிட்டது இவ்வளவுதான்: மூத்தவள் வீட்டில் இல்லை. அக்காவுக்கு அது போதும். கிளாலிக் கடலால் வள்ளங்கள் ஓடத் தொடங்கிய பிறகு ஒருநாள் காலை, சின்னவளைத் தம்பியிடம் விட்டுவிட்டு, அவர் தனியே வந்து சேர்ந்தார். நேரே சுதுமலைக்குப் போகவில்லை, எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். சேலை முழங்கால்வரை உப்பும் சேறுமாக இருந்தது. நான் கொடுத்த தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார், குடிக்கவில்லை.

“நீயும் வா, பிள்ளை,” என்றார். “அந்த வீட்டுக்குத் தனியப் போக எனக்கு ஏலாது.”

மாஸ்டர் வாசலில் நின்றார். எங்களைக் கண்டதும் உள்ளே போய் ஒரு கதிரையைக் கொண்டுவந்து வைத்தார். அக்கா இருந்தார். இரண்டு பேரும் அழுவார்கள், அல்லது அக்கா அவரை ஏசித் தீர்ப்பார் என்று நான் நினைத்திருந்தேன். மாஸ்டர் தொடங்கிவிட்டார். குண்டு, ரியூட்டரி, சிநேகிதி, பரீட்சை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். ஒவ்வொன்றும் ஏன் காரணமாக இருக்க முடியாது என்றும் சொன்னார். இவ்வளவு நாளும் அக்காவுக்குச் சொல்வதற்காகவே இதையெல்லாம் சேர்த்து வைத்திருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் சொல்லி முடித்து மூச்சு வாங்கியபோது அக்கா ஒன்றே ஒன்றைக் கேட்டார்.

“போகேக்கை என்ன உடுத்திருந்தவள்?”

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். “நான் அப்ப எண்ணெய்க்குப் போயிட்டன்,” என்றார்.

“வந்து பாக்கேல்லையே? எந்தச் சட்டை இல்லையெண்டு?”

அக்கா எழுந்து அறைக்குள் போனார். மூத்தவளுடைய அலுமாரியின் பூட்டில் திறப்பு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு காலமும் ஊரெல்லாம் போய் விசாரித்த மனிதர் அதை ஒருநாளும் திறந்திருக்கவில்லை. கதவு இறுகிப்போய் இருந்தது. அக்கா இழுத்துத் திறந்து, உள்ளே இருந்த உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, கட்டிலில் வைத்தார். பள்ளிக்கூட வெள்ளைகள், பாவாடைகள், கோயிலுக்கு உடுக்கும் பட்டு, வீட்டில் போடும் பழைய சட்டைகள். ஒவ்வொன்றையும் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்தார். கடைசித் தட்டு வெறுமையானதும் கையை உள்ளே விட்டுத் தடவினார்.

“அந்த மஞ்சள் சட்டை இல்லை,” என்றார். “கொழும்புக்குப் போகேக்கை போடவெண்டு நான் தைச்சது. அளவெடுக்கக் கூப்பிட்ட உடனை ஓடி வந்தவள். தானும் என்னோடை வாறதெண்டுதான் நினைச்சவள்.”

மாஸ்டர் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடி இன்னும் கையில் இருந்தது.

“அவளிட்டை மஞ்சளிலை சட்டை இருந்ததே?” என்று கேட்டார்.

அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டிலில் கிடந்த உடுப்புகளை ஒவ்வொன்றாக மடித்துத் திரும்பவும் அலுமாரிக்குள் வைக்கத் தொடங்கினார்.